நாப்பது ரூபா தள்ளுபடிக்கு ஒரு டிஸ்க் லாக்

வேளச்சேரியில ஒரு குறுகலான சந்து. ராத்திரி ரெண்டே முக்கால் மணி இருக்கும். தெருப் பூனை ஒண்ணு மதில்லேர்ந்து குதிச்சு, கீழ நின்னுட்டிருந்த பைக்கோட சீட்டுல போய் உக்காந்துச்சு.

அவ்வளவுதான். வீல்னு ஒரு அலறல். எதிர் வீட்டுல லைட் எரிஞ்சுது. ரெண்டு நாய் குரைச்சுது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழுந்திடுச்சு. மூணாவது மாடியிலேர்ந்து லுங்கியைப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்தார் நம்மாளு. கையில சாவிக்கொத்து. அதுல எது டிஸ்க் லாக் சாவின்னு இருட்டுல தெரியல.

ஹவுஸ் ஓனர் அம்மா ஜன்னல் வழியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"ஏன் தம்பி, வண்டியைத் திருடிட்டே போனாக்கூட இவ்ளோ சத்தம் வராதே?"

(நம்மாளு யாருன்னு கேக்காதீங்க. பேரைப் போட்டா அவருக்கு வீட்டுல சாப்பாடு கிடைக்காது. 125 சிசி பைக் வச்சிருக்கார், ஆபீஸ் போறார், காஸ் சிலிண்டர் பில்லைக்கூட கிளிப் போட்டு வைக்கிற ரகம். அது போதும்.)

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு போன். இன்சூரன்ஸ் ரினியூவலுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஏஜென்ட் பேசினார். "சார், வண்டியில ஆன்ட்டி தெஃப்ட் டிவைஸ் ஏதாவது மாட்டிடுங்க. பிரீமியம் குறையும்."

"எவ்ளோ குறையும்?"

"நல்லா குறையும் சார்."

இந்த "நல்லா"ங்கிற வார்த்தையை நம்பி நம்மாளு அந்தச் சனிக்கிழமையே கிளம்பிட்டார், ஜி.பி. ரோடுக்கு. சென்னையில வண்டிக்கு எதையாவது மாட்டணும்னா அங்கதானே போவோம்! ஹெல்மெட், சீட் கவர், ஹாரன், கண்ணைக் குத்துற ஃபாக் லைட், "அம்மா அப்பா ஆசி" ஸ்டிக்கர், எல்லாம் ஒரே தெருவுல. கடைக்காரப் பையன் மூணு டிஸ்க் லாக்கை எடுத்து வச்சான். ஒண்ணு சும்மா இரும்பு. ஒண்ணு கொஞ்சம் கனமான இரும்பு. மூணாவது மஞ்சள் கலர், உள்ள அலாரம், தொட்டா கத்தும். 750 ரூபா.

"அண்ணே, இதைப் போட்டுட்டா எவனும் கிட்ட வரமாட்டான்."

உண்மைதான். அந்தப் பூனைகூட அதுக்கப்புறம் வரல.

அங்க நின்னுக்கிட்டே நம்மாளு ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கார், அதுக்கு அவரைப் பாராட்டணும். "இதுக்கு இன்சூரன்ஸ்ல காட்டுற மாதிரி சர்டிபிகேட் ஏதாவது தருவீங்களா தம்பி?" பையன் முழிச்சான். அப்புறம் ஆறு மாச வாரண்டி கார்டு ஒண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதுல கடை சீல் நல்லாத் தெளிவா இருந்துச்சு.

அந்த வாரண்டி கார்டை ரெண்டு மாசம் பத்திரமா வச்சிருந்து, ரினியூவல் அன்னைக்கு ஆன்லைன்ல உக்காந்தார். "வாகனத்தில் ஆன்ட்டி தெஃப்ட் சாதனம் பொருத்தப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை". சந்தோஷமா "ஆம்" தட்டினார். அடுத்த வரி வந்துச்சு: ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற சாதனமா?

இங்கதான் கதை சூடு பிடிக்குது.

ஏ.ஆர்.ஏ.ஐ.ங்கிறது புனேல இருக்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனம். 1966-லேர்ந்து இருக்கு. நம்ம ஊர்ல ஓடுற வண்டிகளுக்கும் பார்ட்ஸுக்கும் டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் கொடுக்கிற இடம். இந்தத் தள்ளுபடி விதி 2002-ல வந்த இந்திய மோட்டார் டாரிஃப்ல இருக்கு. அதுப்படி சாதனத்தை ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரிச்சிருக்கணும். அதோட, அதை வண்டியில ஒழுங்கா மாட்டியிருக்குன்னு ஒரு ஆட்டோமொபைல் அசோசியேஷன் சர்டிபிகேட் தரணும். நம்ம பக்கம்னா அண்ணா சாலையில இருக்கிற தென்னிந்திய ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஜி.பி. ரோடு வாரண்டி கார்டெல்லாம் இதுக்குக் கிட்டக்கூட வராது. அதைவிட, டிஸ்க் லாக்குங்கிறது கையில எடுத்துட்டுப் போற பூட்டு. அதை எங்க "பொருத்துறது", யாரு சர்டிபிகேட் தர்றது?

சரி, எல்லாம் இருக்குன்னே வச்சுக்குவோம். எவ்வளவு குறையும்?

ஓ.டி. பிரீமியத்துல 2.5 சதவீதம். அதிகபட்சம் 500 ரூபா.

ஓ.டி.ன்னா ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டிக்கு ஆகிற சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி. பாலிசியில இன்னொரு பகுதி தேர்ட் பார்ட்டி, நாம யாரையாவது இடிச்சா அவங்களுக்குப் போறது. அதோட ரேட்டை அரசாங்கமே நிர்ணயிக்குது. 2022 ஜூன்ல வந்த அறிவிப்புப்படி 75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபா. நீங்க வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டினாலும் சரி, காவலுக்கு ஐயனாரையே உக்கார வச்சாலும் சரி, அதுல ஒத்த ரூபா குறையாது. அதுவும் 2018 செப்டம்பர்லேர்ந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷத் தேர்ட் பார்ட்டியை மொத்தமா முன்னாடியே கட்டணும். நம்மாளும் வண்டி எடுக்கும்போதே கட்டிட்டார். இப்ப ரினியூவலுக்கு வந்தது ஓ.டி. மட்டும்தான்.

இப்ப பேப்பர், பேனா எடுங்க. (நம்மாளு எடுத்தார். வீட்டுக்காரம்மா பக்கத்துல காபியோட நின்னு வேடிக்கை பார்த்தாங்க.)

வண்டியோட ஷோரூம் விலை ஒரு லட்சம். ஒரு வருஷம் முடிஞ்சதால 20 சதவீதம் தேய்மானம். மிச்சம் 80,000. இதுதான் ஐ.டி.வி., வண்டி மொத்தமாப் போனா கம்பெனி தர்ற அதிகபட்சத் தொகை. சென்னை 'ஏ' மண்டலம். 150 சிசி வரைக்கும், அஞ்சு வயசு ஆகாத வண்டிக்கு டாரிஃப் ரேட் 1.708 சதவீதம். பெருக்கினா 1,366 ரூபா 40 பைசா.

அதுல 2.5 சதவீதம்?

34 ரூபா 16 பைசா.

18 சதவீத ஜி.எஸ்.டி.யில மிச்சமாகிறதையும் சேர்த்துக்கிட்டா 40 ரூபா 31 பைசா.

வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லல. காபியை வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துச்சாம்.

இதுலயும் ஒரு சங்கடம் பாக்கி இருக்கு. 2007-லேர்ந்து ஓ.டி. ரேட்டைக் கம்பெனிகளே வச்சுக்கலாம்னு ஆயிடுச்சு. அதனால போட்டி போட்டுக்கிட்டுத் தள்ளுபடி தர்றாங்க. டாரிஃப்ல பாதியைத் தள்ளியிருந்தா, நம்ம 34 ரூபாயும் 17 ஆயிடும். ரெண்டு பேர் டீ குடிச்சாத் தீர்ந்துடும்.

750 ரூபாயை வருஷத்துக்கு 40 ரூபான்னு திருப்பி எடுக்கணும்னா பதினெட்டரை வருஷத்துக்கு மேல ஆகும். ஆர்.சி.யே முதல்ல 15 வருஷத்துக்குத்தான் தர்றாங்க! அதுவும் வருஷா வருஷம் ஐ.டி.வி. இறங்க இறங்க இந்த நாப்பதும் இறங்கிட்டே வரும்.

"அண்ணே, என்னுது புல்லட்"னு யாரோ கை தூக்குறது தெரியுது. சரி, 350 சிசி வண்டி, ஐ.டி.வி. ரெண்டு லட்சம். ரேட் 1.793 சதவீதம். ஓ.டி. 3,586 ரூபா. தள்ளுபடி 89 ரூபா 65 பைசா. ஜி.எஸ்.டி.யோட சேர்த்து 106 ரூபா கிட்ட. ஒரு லிட்டர் பெட்ரோல்னு வச்சுக்கலாம். அந்த 500 ரூபா உச்சவரம்பைத் தொடணும்னா உங்க பைக்கோட ஐ.டி.வி. பத்தரை லட்சத்துக்கும் மேல இருக்கணும். அந்த மாதிரி வண்டி வச்சிருக்கிறவர் 500 ரூபாய்க்காக அண்ணா சாலையில சர்டிபிகேட்டுக்கு வரிசையில நிப்பாரா?

இந்த ஐடியா வெளிநாட்டுலேர்ந்து வந்த காத்துன்னும் சொல்லலாம். பிரிட்டன்ல இன்சூரன்ஸ் கம்பெனிகளே சேர்ந்து 1969-ல தாட்சம்ங்கிற ஊர்ல ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. அலாரம், இம்மொபிலைசர், டிராக்கர்னு ஒவ்வொண்ணையும் சோதிச்சு ரகம் பிரிச்சு முத்திரை தர்ற இடம். அங்க பிரீமியமும் பெருசு, அதனால தள்ளுபடியும் கண்ணுக்குத் தெரியும். அந்த ஊர் யூடியூபர் சொல்றதைக் கேட்டுட்டு நாம இங்க கணக்குப் போட்டா, பவுண்டுக்குப் பதிலா பைசாதான் மிஞ்சும்.

நாப்பது ரூபா சும்மா வந்தா வேண்டாம்னு யாரு சொல்லப் போறா? ஆனா அது சும்மா வர்றதில்ல. இந்தத் தள்ளுபடியை வாங்கினா பாலிசியில ஐ.எம்.டி. 10-னு ஒரு ஒப்புதல் வரி சேரும். அதுல ஒரு நிபந்தனை இருக்கு. பாலிசி முடியிற வரைக்கும் அந்தச் சாதனத்தை எப்பவும் நல்லா வேலை செய்யிற நிலைமையில வச்சிருக்கிறது வண்டிக்காரர் பொறுப்பு.

எப்பவும்! நம்ம வீட்டு டிவி ரிமோட்டுலயே பேட்டரி தீர்ந்து மூணு நாளாத் தட்டித் தட்டிப் பார்த்துட்டிருப்போம். அலாரத்துக்குள்ள இருக்கிற பட்டன் செல் எப்ப தீர்ந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? வண்டி திருடு போன அன்னைக்கு, "அலாரம் வேலை செஞ்சுதா சார்?"னு சர்வேயர் கேட்டா என்ன பதில் சொல்றது? அதைவிட மோசம், சாதனமே இல்லாம, இல்லன்னா சர்டிபிகேட் இல்லாம "ஆம்"னு தட்டிட்டு நாப்பது ரூபாயை வாங்கிக்கிறது. எண்பதாயிரம் கிளைம்ல "தவறான தகவல் கொடுத்தீங்க"ன்னு சொல்ல நீங்களே வழி செஞ்சு கொடுத்த மாதிரி ஆயிடும். நம்மாளு யோசிச்சுப் பார்த்து "இல்லை"ன்னு மாத்தித் தட்டினார். அவர் வாழ்க்கையில எடுத்த நல்ல முடிவுகள்ல அது ஒண்ணு.

இதையும் கேளுங்க. டூவீலர் பாலிசியில, வண்டியில மாட்டியிருக்கிற ஆக்சசரி மட்டும் தனியாத் திருடு போனா காசு கிடையாது. வண்டியும் சேர்ந்து போனாத்தான். அதாவது, திருட்டைத் தடுக்க மூவாயிரம் ரூபாய்க்கு ஜி.பி.எஸ். மாட்டி, திருடன் வண்டியை விட்டுட்டு அதை மட்டும் கழட்டிட்டுப் போனா, அது உங்க கணக்கு.

டிஸ்க் லாக் நம்மாளுக்கு இன்னொரு பாடமும் நடத்துச்சு. அது பூனைக்கும் முன்னாடி நடந்தது. வாங்கின நாலாவது நாள். காலையில எட்டரை மணி, ஆபீஸுக்கு லேட்டு. ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டார். முன் சக்கரம் ஒரு சாண் உருண்டுச்சு, பூட்டு போய் ஃபோர்க்ல முட்டுச்சு, வண்டி அப்படியே சாஞ்சுது. பேட்டரி அலாரம் வேற கூடவே கத்துச்சு, தெருவுல யாராவது பாக்காம இருந்துடப் போறாங்களேன்னு. முன் மட்கார்டு, ஒரு இண்டிகேட்டர், லேபர் எல்லாம் சேர்த்து 1,150 ரூபா.

டிஸ்க் லாக் வாங்கின யாரைக் கேட்டாலும் இந்தக் கதையில ஒரு வெர்ஷன் சொல்வாங்க. அதுக்குத்தான் பூட்டோட ஒரு சுருள் ஒயர் தர்றாங்க. பூட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல மாட்டிட்டா, வண்டியில உக்காரும்போதே கண்ணுல படும். நம்மாளு அதை "அசிங்கமா இருக்கு"ன்னு டிராயர்ல போட்டு வச்சிருந்தார்.

கிளைம் பண்ணலாமான்னு மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் அண்ணன் கிரீஸ் கையோட விளக்கினதுதான் இந்தப் பதிவுலயே உருப்படியான விஷயம். பிளாஸ்டிக் பார்ட்ஸுக்குப் பாதிதான் தருவாங்க. அதுக்கு மேல கட்டாயப் பிடித்தம்னு நூறு ரூபா. கடைசியில கைக்கு அறுநூறு வந்தாப் பெருசு. பதிலுக்குப் போறது என்.சி.பி., அதாவது நோ கிளைம் போனஸ். ஒரு வருஷம் கிளைம் பண்ணாம இருந்தா 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சாவது வருஷம் 50 சதவீதம் வரைக்கும் ஓ.டி.யில குறையும். ஒரு தடவை கிளைம் பண்ணினா பரமபத பாம்பு மாதிரி சர்ருனு கீழ இறக்கி விட்டுடும்.

இதைக் கவனிச்சீங்களா? பூட்டு மாட்டினா 2.5. சும்மா இருந்தா 20-லேர்ந்து 50. பிரீமியம் குறைய வழி கேட்டவருக்கு ஏஜென்ட் இதை முதல்ல சொல்லியிருக்கலாம். சும்மா இருக்கிறதுக்கு எந்தக் கடையிலயும் கமிஷன் கிடையாதே! (ஏஜென்ட் மேல கோபம் இல்ல. அவர் பாவம், கார்க்காரங்ககிட்ட சொல்ற வசனத்தை மாத்தாம சொல்லிட்டார்.)

நம்மாளு கைக்காசைப் போட்டு ரிப்பேர் பண்ணினார். அந்த என்.சி.பி. இருபதுதான் ரினியூவல்ல அவருக்கு உண்மையாவே வந்த தள்ளுபடி. 273 ரூபா.

அப்ப பூட்டே வேண்டாமா? அவசரப்படாதீங்க. வேணும். கணக்கைத்தான் வேற பக்கத்துலேர்ந்து போடணும்.

அதே அப்பார்ட்மெண்ட்ல கீழ் வீட்டுத் தம்பி. வண்டி வாங்கி மூணு வருஷம் தாண்டியிருந்துச்சு. ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல டோக்கன் போட்டா காசுன்னு, வெளிய வேப்பமரத்தடியில நிறுத்திட்டு ரயில் ஏறுவான். சைடு லாக் மட்டும்தான். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தா வேப்பமரம் மட்டும் நின்னுச்சு.

சைடு லாக்கைப் பத்தி நமக்கெல்லாம் ஒரு குருட்டு நம்பிக்கை. ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கமா ஓங்கி ஒரு உதை விட்டா உள்ள இருக்கிற சின்னக் கம்பி உடைஞ்சிடும். 'பொல்லாதவன்' படம் வந்தது 2007. பல்சரைத் தொலைச்சிட்டு தனுஷ் அலைஞ்சதை அத்தனை பேரும் பார்த்தோம். பார்த்துட்டு வெளிய வந்து மறுபடியும் சைடு லாக் மட்டும் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

தம்பி மூணு விஷயம் சரியாப் பண்ணினான். ஒண்ணு, அன்னைக்கே போலீஸ் ஸ்டேஷன் போனான். ஸ்டேஷன்ல முதல்ல சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாங்க. நிறையப் பேர் அதை வாங்கிட்டு வேலை முடிஞ்சதுன்னு வீட்டுக்கு வந்துடுவாங்க. கிளைமுக்கு எஃப்.ஐ.ஆர். வேணும். 2024 ஜூலைக்கு முன்னாடின்னா ஐ.பி.சி. 379, இப்ப பி.என்.எஸ். 303. அதோட நகலை இலவசமாத் தரணும்னு சட்டமே சொல்லுது. தம்பி மறுநாளும் போய் நின்னு வாங்கிட்டான். ரெண்டு, கம்பெனிக்கும் அன்னைக்கே போன் பண்ணி கிளைம் நம்பர் வாங்கினான். (எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தா, கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானதை மட்டுமே காரணமாக் காட்டி மறுக்கக்கூடாதுன்னு 2020-ல ஒரு டிராக்டர் திருட்டு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதுக்காக அந்தப் பரீட்சையை நீங்க எழுதிப் பாக்க வேண்டாம்.) மூணு, அவன் பாலிசி முழு பாலிசி. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்திருந்தா இந்தக் கதையே கிடையாது, திருட்டுக்கு அதுல ஒரு பைசா வராது.

தப்பாப் போன இடம் ஒண்ணே ஒண்ணு.

"ரெண்டு சாவியையும் கொடுங்க"ன்னாங்க கம்பெனியில.

தம்பிகிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எப்பவோ ஊர்ல, தாத்தா வீட்டுப் பரண்லயோ பஸ்லயோ தொலைஞ்சு போச்சு. கம்பெனிக்காரன் பார்வையில அதுக்கு என்ன அர்த்தம்? சாவியை வண்டியிலேயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். இல்லன்னா தானே வித்துட்டுக் காணோம்னு சொல்லலாம். கடிதம் எழுதினான். அஃபிடவிட் கொடுத்தான். விசாரணைக்கு ஒருத்தர் வந்து, வேப்பமரத்தைப் படம் எடுத்துட்டுப் போனார். போலீஸ்கிட்டேர்ந்து "கண்டுபிடிக்க முடியல"ங்கிற சர்டிபிகேட் வர்றதுக்கே பல மாசம். அப்புறம் ஆர்.டி.ஓ. ஃபாரம் 28, 29, 30-ல கையெழுத்து. லோன் பாக்கி இருந்ததால ஃபாரம் 35-க்கு ஃபைனான்ஸ் கம்பெனி வாசல்ல ரெண்டு நாள். எட்டு மாசம் கழிச்சுத்தான் பணம் வந்துச்சு.

"அண்ணா, வண்டியைத் தேடினதைவிட அந்தச் சாவியைத்தான் அதிகம் தேடினேன்"னு மாடிப்படியில உக்காந்து சொன்னான்.

சாவி விஷயத்துல கோர்ட் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கு. டிரைவர் சாவியை லாரியிலேயே விட்டுட்டு வழி கேக்க இறங்கின நேரத்துல லாரி போயிடுச்சு. அந்த வழக்குல 2023-ல உச்ச நீதிமன்றம் முழுசா மறுக்கக் கூடாதுன்னு சொல்லி 75 சதவீதம் கொடுக்க உத்தரவு போட்டுச்சு. ஆனா அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாங்கினது. ஒரு பைக்குக்காக நாம டெல்லி வரைக்கும் போகப் போறோமா என்ன?

இப்ப அசல் கணக்குக்கு வாங்க. ஷோரூம்ல ஒரு லட்சம் போட்டு எடுத்த வண்டிக்கு, மூணு வருஷம் தாண்டினா 40 சதவீதம் தேய்மானம். ஐ.டி.வி. 60,000. அதே மாடலைப் புதுசா எடுக்கணும்னா ஆன்ரோடு விலை ஒரு லட்சத்தைத் தாண்டிடும். ஆக இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்கா நடந்தாக்கூட நாப்பதாயிரத்துக்கு மேல கையைக் கடிக்கும். எட்டு மாசம் பஸ், ஷேர் ஆட்டோ செலவு தனி. என்.சி.பி. போறது தனி. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு ஒரு கூடுதல் கவர் இருக்கு, அது விலைப் பட்டியல் தொகை வரைக்கும் தரும். ஆனா பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டாங்க.

750 ரூபா பூட்டைத் தள்ளுபடி நாப்பது ரூபாயோட நிறுத்துப் பார்த்தா முட்டாள்தனம். இந்த நாப்பதாயிரத்தோட நிறுத்துப் பார்த்தா பூட்டு மலிவு. ஏஜென்ட் சொன்ன காரணம்தான் தப்பு, பொருள் தப்பில்ல.

எந்தப் பூட்டுன்னு கேட்டா, நம்மாளோட தீர்ப்பு இது. டிஸ்க் லாக் உருட்டிட்டுப் போறவனைத்தான் தடுக்கும். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிக் குட்டி யானையில போட்டுட்டா டிஸ்க் லாக்கும் சேர்ந்து சவாரி போகும். அதுக்குக் கனமான செயின்தான் வழி, அதுவும் பில்லர்லயோ கேட்லயோ சேர்த்துக் கட்டினாத்தான். ஃபிரேம் வழியா விட்டுக் கட்டணும். சக்கரத்தை மட்டும் கட்டினா, சக்கரத்தை உங்களுக்கு நினைவுப் பரிசா விட்டுட்டு மிச்சத்தைக் கொண்டு போயிடுவான்.

ஜி.பி.எஸ். டிராக்கர் திருட்டைத் தடுக்காது, வண்டி எங்க போகுதுன்னு காட்டும். சிம் ரீசார்ஜ் வருஷா வருஷம் உண்டு. பேட்டரியிலேர்ந்து ஓயாம சொட்டுச் சொட்டா உறிஞ்சும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டுப் பத்து நாள் கழிச்சு வந்தா செல்ஃப் எடுக்காது, கிக்கர் இல்லாத வண்டின்னா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஒயரை வெட்டி ஒட்டி மாட்டினா ஷோரூம்ல வாரண்டி பேச்சும் கிளம்பும். தினமும் ஊருக்கு வெளிய நிறுத்துற பெரிய வண்டிக்கு அது சரி. வேளச்சேரி சந்துல நிக்கிற 125-க்கு அது ரொம்ப ஜாஸ்தி.

அப்புறம் அந்த டோக்கன். கட்டண ஸ்டாண்டுல நிறுத்தாம தம்பி மிச்சம் பிடிச்ச காசு நாளுக்குச் சில்லறைதான். "வண்டி ஓனர் ரிஸ்க்"னு போர்டு இருக்கே, அப்புறம் எதுக்குக் காசு கொடுக்கணும்னு கேட்டான். அந்த போர்டு எல்லாத்தையும் காப்பாத்திடாது. டெல்லியில ஒரு நட்சத்திர ஹோட்டல்ல 1998-ல வேலே பார்க்கிங்ல விட்ட கார் திருடு போன வழக்குல, சீட்டுல "ஓனர் ரிஸ்க்"னு அச்சடிச்சிருந்தாலும் ஹோட்டல் பொறுப்பேத்துக்கணும்னு 2019-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஸ்டேஷன் ஸ்டாண்டும் நட்சத்திர ஹோட்டலும் ஒண்ணு இல்லதான். ஆனா ஒரு ஆள் நாற்காலி போட்டு உக்காந்திருக்கிற இடத்துல வண்டியை எடுக்க எவனும் கொஞ்சம் யோசிப்பான்.

நம்மாளு இப்ப என்ன பண்றார்? மஞ்சள் பூட்டு இன்னும் இருக்கு. அலாரத்தோட பேட்டரியைக் கழட்டிட்டார், ஹவுஸ் ஓனர் அம்மாவோட வேண்டுகோளுக்கு இணங்க. டிராயர்ல கிடந்த சுருள் ஒயர் ஹேண்டில்பார்ல தொங்குது. அசிங்கமாத்தான் இருக்கு. ராத்திரியில கேட்டோட சேர்த்து ஒரு செயின். ரெண்டாவது சாவி பீரோவுல, ஆர்.சி. நகல், பாலிசி பிரிண்ட் அவுட்டோட ஒரு ஜிப் கவர்ல. அதுக்கு மேல அவர் கையெழுத்துல ஒரு சீட்டு: "தொடாதே".

பாலிசியை எப்ப வேணா படிச்சுக்கலாம். இன்னைக்கு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி உங்க வண்டியோட ரெண்டாவது சாவி எங்க இருக்குன்னு மட்டும் தேடிப் பாத்துடுங்க. பரண்ல இல்லன்னா, ஊருக்கு ஒரு போன் போடுங்க.